ஆண்டிஸ் மலைநாட்டுப் பழைய வெள்ளி நகைகள்: வாங்க நினைப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெரு, பொலிவியா, ஈக்வடார், சிலி ஆகிய நாடுகளின் மலைமக்கள் அணிந்த பழைய நகைகளைச் சேகரிக்கத் தொடங்குவோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சிறிய அளவில் வாங்கி விற்பவன் என்ற முறையில் நான் தரும் விடைகள் இவை. கல்லறைத் தங்கத்தைத் தேடி வருபவர்களுக்கு இவை ஏமாற்றத்தையே தரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஆண்டிஸ் நகைகளில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது எது?

துப்பு என்னும் ஊசி. கெச்சுவா, அய்மாரா மொழிகள் இரண்டிலும் வழங்கும் இந்தச் சொல்லை ஸ்பானியர் 'தோப்போ' என்று திரித்தார்கள். தமிழில் எழுதும்போது இந்தப் பெயர் வேறொரு பொருளையும் தருகிறது. ஆனால் ஒரு துப்பைக் கையில் எடுத்து அரைமணி நேரம் பார்ப்பவருக்கு அந்தத் தற்செயல் ஒற்றுமை பொருத்தமாகவே படும்.

மலைநாட்டுப் பெண்கள் தைக்காத துணியை உடலைச் சுற்றி அணிந்தார்கள். அந்த ஆடையை இரு தோள்களிலும் பிடித்து நிறுத்தியவை இரண்டு துப்புகள். மேலே போர்த்தும் லிக்லா என்ற சால்வையை மார்பின் நடுவே பூட்டியது சற்றுச் சிறிய மூன்றாவது ஊசி. பொத்தானும் தையலும் செய்திருக்க வேண்டிய வேலையை இவை செய்தன. ஆகவே இது அழகுக்காக மட்டும் அணிந்த நகை அன்று; இது இல்லாமல் ஆடை உடலில் நிற்காது. இன்கா காலத்துத் துப்பின் தலை பெரும்பாலும் வட்டமாகவோ அரைவட்டமாகவோ தட்டையான தகடாக இருக்கும், ஊசி நீண்டிருக்கும், தலையும் ஊசியும் சேரும் கழுத்தில் கயிறு கோக்க ஒரு துளை இருக்கும். தகட்டின் விளிம்பு கத்தியைப்போல் கூராக இருந்ததால் பெண்கள் அதைக்கொண்டு பொருள்களை அறுத்தார்கள் என்று 17-ஆம் நூற்றாண்டு ஸ்பானியக் குறிப்பொன்று கூறுகிறது.

இவை எவ்வாறு அணியப்பட்டன என்பதற்கு நல்ல சான்றுகள் உள்ளன. 1615-ஐ ஒட்டி எழுதப்பட்டு இன்று கோபன்ஹேகன் அரச நூலகத்தில் இருக்கும் கையெழுத்துப் படியின் கோட்டோவியங்களில் இன்கா அரசியர் துப்பு அணிந்து நிற்கின்றனர். 1999-இல் அர்ஜென்டீனா எல்லையில் உள்ள யுயையாக்கோ மலையின் உச்சியில், 6,739 மீட்டர் உயரத்தில், பலியிடப்பட்ட மூன்று சிறாரின் உடல்கள் உறைந்த நிலையில் கிடைத்தன. அவர்களுடன் புதைக்கப்பட்ட சிறு பெண் உருவங்களின் விரலளவு ஆடைகளைக்கூட விரலளவுத் துப்புகளே பிடித்திருந்தன. அந்தப் பொருள்கள் இப்போது சால்ட்டா நகர அருங்காட்சியகத்தில் உள்ளன.

துப்பு இன்கா காலத்தோடு முடிந்துவிட்டதா?

இல்லை, சேகரிப்பவருக்கு முக்கியமான பகுதியே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 1545-இல் இன்றைய பொலிவியாவில் உள்ள பொட்டோசி மலையின் வெள்ளி கண்டெடுக்கப்பட்டபின் மலைநாட்டில் வெள்ளி பெருகியது. காலனிக் காலத் துப்புகளின் தலைகளில் இரட்டைத் தலைக் கழுகும், சூரியனும், கடற்கன்னியும், பூங்கொடியும் செதுக்கப்பட்டன. 1780-இல் ஸ்பானியருக்கு எதிராக இரண்டாம் துபாக் அமாருவின் கிளர்ச்சி எழுந்தது. மறு ஆண்டில் இன்கா மரபு ஆடைகளை அணியக் கூடாது என்று ஸ்பானிய அதிகாரம் ஆணையிட்டது. உயர்குடியினரின் உடை அதனால் மாறியது. உழவர் பெண்களின் தோளிலிருந்து துப்பு இறங்கவில்லை.

19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பெரு, பொலிவியா மலைப்பகுதிகளில் கரண்டி வடிவத் தலை பரவியது. கரண்டியின் குழிவில் பறவையும் பூவும் செதுக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் உரியவளின் பெயரின் முதலெழுத்துகளும் இருக்கும். ஈக்வடாரின் தெற்கே சராகுரோ மக்களிடம் நடுவில் நிறக்கண்ணாடி பதித்து, சுற்றிலும் கதிர்கள் விரியும் சூரிய வடிவம் நிலைபெற்றது. அங்கே துப்போடு நீண்ட வெள்ளிச் சங்கிலியும் உண்டு. தாயிடமிருந்து மகளுக்கு அது செல்கிறது. பொலிவியாவின் லா பாஸ் நகரத்து அய்மாராப் பெண்கள் இன்று சால்வையில் குத்தும் தங்க ஊசியும், ஃபலூச்சோ என்ற தொங்கட்டான்களும் இதே வழியில் வந்தவை. கிரான் போதெர் திருவிழாவின்போது அவர்கள் அணியும் நகையின் மதிப்பைப் பார்த்துக் காவலர்களை உடன் அழைத்துச் செல்வதும் உண்டு.

'இன்கா காலத்தது' என்று விற்கப்படும் நகையை நம்பலாமா?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் தரும் விடை இது. 'இன்கா காலத்தது' என்ற அந்தக் கூற்று பொய் என்றால் நீங்கள் ஏமாற்றப்படுகிறீர்கள். மெய் என்றால் பெரும்பாலும் கல்லறையிலிருந்து களவாடப்பட்ட பொருளை வாங்குகிறீர்கள். இரண்டில் எதற்கும் பணம் தரக் காரணம் இல்லை. பல பத்தாண்டுகளுக்கு முன்பே நாட்டை விட்டு வெளியேறி, ஏலப் பட்டியலிலோ அருங்காட்சியகப் பதிவிலோ இடம்பெற்ற சில பொருள்கள் இதற்கு விலக்கு. ஆனால் அவை புதியவரின் மேசைக்குத் தேடி வருவதில்லை.

முதலில் பொய்யைப் பார்ப்போம். ஸ்பானியர் வந்தபின் இன்கா அரசின் பொன்னும் வெள்ளியும் மலைமலையாக உருக்கப்பட்டன. 1532 முதல் 1533 வரை கஹமார்க்காவில் சிறைப்பட்டிருந்த மன்னர் அதாவல்ப்பாவை மீட்பதற்காகக் குவிந்த பொருள்களே கட்டிகளாயின. தப்பியவை பெரும்பாலும் மண்ணுக்குள் இருந்தவை. எனவே உண்மையான இன்கா நகை அரிது. அதன் போலி மிகுதி. லிமாவில் பெயர்பெற்ற தனியார் தங்க அருங்காட்சியகம் ஒன்றின் உலோகப் பொருள்களில் மிகப் பெரும்பகுதி நவீனப் போலி என்று 2001-இல் அரசு அமைப்பு ஒன்று அறிவித்தது. அருங்காட்சியகத்துக்கே இந்த நிலை என்றால், கைப்பேசித் திரையில் படம் பார்த்து வாங்குபவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து மெய். பெரு நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1822-இல், பழங்காலப் பொருள்களை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதைத் தடுத்து ஆணையிட்டது. 1929-இல் வந்த சட்டம் கல்லறைகளிலும் இடிபாடுகளிலும் உள்ள ஸ்பானியருக்கு முந்திய பொருள்கள் அரசுக்குரியவை என்றது. இன்று நடப்பில் இருப்பது 2004-ஆம் ஆண்டின் 28296-ஆம் எண் சட்டம். பொலிவியா 1906-இலேயே திவனாக்கு இடிபாடுகளை அரசுடைமையாக்கியது. சிலியின் 1970-ஆம் ஆண்டுச் சட்டமும் தொல்லியல் பொருள்களை அரசுக்குரியவை ஆக்குகிறது. நூறாண்டுக்கு மேலாகத் தடை இருக்கும் இடத்திலிருந்து 'அண்மையில் கிடைத்தது' என்று ஒருவர் சொன்னால், அவர் தம் குற்றத்தைத் தாமே ஒப்புக்கொள்கிறார் என்றுதான் கொள்ள வேண்டும்.

சிபான் நிகழ்வை இத்துறையில் அறியாதவர் இருக்க முடியாது. 1987-இல் பெருவின் வடகடற்கரையில் சிபான் என்ற ஊருக்கு அருகே ஹுவாக்கா ரஹாதா என்ற மேட்டில் வாக்கெரோக்கள், அதாவது கல்லறை தோண்டுவோர், ஒரு மோச்சே அரசக் கல்லறையைக் கண்டு சூறையாடினர். செய்தி காவல்துறைக்கு எட்டியபின் தொல்லியலாளர் வால்ட்டர் ஆல்வா அங்கே அகழ்ந்து, தொடப்படாத மற்றொரு கல்லறையை மீட்டார். அதுவே 'சிபானின் தலைவர்' எனப் புகழ்பெற்றது. சூறையில் போன ஒரு தங்கப் பின்கவசம் பத்தாண்டுக்குப் பிறகு, 1997 அக்டோபரில், அமெரிக்காவில் 16 இலட்சம் டாலருக்கு விலைபேசப்பட்டபோது, அந்நாட்டு மத்தியப் புலனாய்வுத் துறையினர் (எஃப்.பி.ஐ.) வாடிக்கையாளர்போல் வந்து அதைக் கைப்பற்றினர். அது பனாமா நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவரின் வாகனத்தில் வந்தது. மறு ஆண்டு பெருவுக்குத் திரும்பியது. மோச்சே மக்கள் இன்காக்களுக்குப் பல நூற்றாண்டு முற்பட்டவர்கள் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். விற்பவர்களோ எல்லாவற்றையும் 'இன்கா' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள்.

அப்படியானால் நேர்மையாக வாங்கத்தக்கது எது?

பெரும்பாலும் பாட்டிமார்களின் பெட்டியிலிருந்து வந்தவை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, 20-ஆம் நூற்றாண்டு ஆகியவற்றின் கரண்டித் துப்புகள், மீன் வடிவத் தொங்கல்கள், காசு கோத்த ஊசிகள், கம்பி வேலைக் காதணிகள். இவற்றைக் குடும்பமே விற்றிருக்கலாம். உள்ளூர் வெள்ளிக்கடை வழியாகவும் வந்திருக்கலாம். இன்கா என்ற பெயர் இல்லாததால் இவற்றின் விலையும் பணிவாக இருக்கும். வேலைப்பாடோ பெரும்பாலும் உயர்ந்ததே. ஆயினும் வயது குறைவு என்பதாலேயே எல்லாம் தடையற்றவை என்று எண்ணக் கூடாது. அமெரிக்காவுக்கும் பெருவுக்கும் இடையே 1997-இல் ஏற்பட்ட உடன்படிக்கை காலனிக் காலத்துச் சில பொருள்களையும் இறக்குமதித் தடைக்குள் கொண்டுவந்தது. 2001-இல் பொலிவியாவோடு ஏற்பட்டதில் குடியரசுக் காலத்துச் சில பொருள்களும் அடங்கும்.

'அல்பாக்கா வெள்ளி' என்று எழுதியிருக்கிறதே, அது என்ன?

அது வெள்ளியே அன்று. அந்தப் பெயருக்கும் கம்பளி தரும் அல்பாக்கா விலங்குக்கும் உறவு இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகிய மூன்றும் கலந்த உலோகம் அது. நம் பாத்திரக் கடைகளில் 'ஜெர்மன் சில்வர்' என்று சொல்வது இதைத்தான். தென் அமெரிக்காவின் சந்தைகளில் 'அல்பாக்கா' என்று பொறித்து விற்பது ஏமாற்று ஆகாது. அங்குள்ளவர்களுக்கு அந்தச் சொல் தெரியும். அதைப் படித்துவிட்டு மலைநாட்டு வெள்ளியின் ஒரு தனி வகை என்று நினைத்துக்கொள்பவர் வெளிநாட்டவர்தான். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் ஒரு சோடி ஊசிக்கு வெள்ளி விலை கொடுத்தேன். நகைப் பட்டறைப் பெரியவர் உரைகல்லில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார்.

முத்திரை இல்லாத நகை வெள்ளிதானா என்று எப்படி அறிவது?

மலைநாட்டுப் பழைய வெள்ளியில் முத்திரை இருப்பதே அரிது. அது இல்லாததைக் குறையாகக் கொள்ள வேண்டாம். மாறாக, '925' (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) என்ற முத்திரை தெளிவாக இருந்தால் அந்தப் பொருள் 20-ஆம் நூற்றாண்டிலோ அதற்குப் பிறகோ சந்தைக்காகச் செய்யப்பட்டது என்று கொள்ளலாம்.

கிராமத்துத் தட்டார் வெள்ளியை எங்கிருந்து பெற்றார் என்பதை நினைவில் வைத்தால் இது விளங்கும். அவருடைய மூலப்பொருள் பெரும்பாலும் காசுகள். வாடிக்கையாளர் கொண்டுவந்த காசை உருக்கியோ தட்டியோ நகை செய்தார். ஸ்பானிய வெள்ளிக் காசின் மாற்று 1728-க்குப் பின் ஆயிரத்துக்கு 916 அளவிலும், 1772-க்குப் பின் 903 அளவிலும் இருந்தது. பெரு 1863-இல் கொண்டுவந்த சோல் காசில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி; அதையே ஸ்பானிய மொழியில் 'நுவேவே தெசிமோஸ் ஃபினோ' என்று காசின் மேல் பொறித்தார்கள். ஆகவே உண்மையான பழைய துப்பை எக்ஸ்-கதிர்க் கருவியில் சோதித்தால் 900-ஐ ஒட்டி ஏறியும் இறங்கியும் காட்டுவது இயல்பு. கச்சிதமாக 925 காட்டும் 'இருநூறாண்டுப் பழமை' ஐயத்துக்குரியது.

கருவி கிடைக்காதவர்கள் தண்ணீரில் எடை போட்டுப் பார்க்கலாம். காற்றில் ஒரு எடை, நூலில் கட்டித் தண்ணீரில் மூழ்கவிட்டு ஒரு எடை. முதல் எடையை இரண்டின் வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி வரும். நல்ல வெள்ளி 10-க்கு மேலே நிற்கும். ஜெர்மன் சில்வர் 9-ஐத் தொடாது. கல்லோ கண்ணாடியோ பதித்த நகைக்கு இந்தக் கணக்கு உதவாது.

நகையின் வயதை எவ்வாறு கணிப்பது?

ஒரே அடையாளத்தைக் கொண்டு யாரும் வயது சொல்லக் கூடாது; பல அடையாளங்கள் ஒரே பக்கம் சாய்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நான் பார்க்கும் வரிசை இது.

முதலில் கழுத்துத் துளை. கயிறும் சங்கிலியும் பல்லாண்டுகள் ஒரே பக்கம் இழுத்த துளை, அந்தப் பக்கத்தில் தேய்ந்து நீள்வட்டமாகியிருக்கும். விளிம்பு மழுங்கி வழவழவென்றிருக்கும். துரப்பணம் போட்ட துளை வட்டமாக, கூரிய விளிம்போடு நிற்கும். அடுத்து ஊசி: கம்பளித் துணிக்குள் ஆயிரம் முறை நுழைந்து வந்த ஊசியின் முனைப்பகுதி, தலையைவிடத் தனியாக மெருகேறியிருக்கும்; சற்று வளைந்தும் இருக்கும். தலையின் குழிவுகளில் தேங்கிய கறுப்பும், மேடுகளில் கைபட்டுத் தேய்ந்த வெளிச்சமும் இயற்கையாக அமையும். கந்தகக் கரைசலில் முக்கியெடுத்த புதுப்பொருளில் கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக, ஊசியின் நுனிவரை படிந்திருக்கும்.

பிறகு சோடியை அருகருகே வைத்துப் பாருங்கள். சுத்தியால் தட்டி, உளியால் செதுக்கிச் செய்த இரண்டு துப்புகள் உடன்பிறந்தவைபோல இருக்கும், அச்செடுத்தவைபோல இரா. ஒன்றில் பறவையின் வால் சற்று நீண்டிருக்கும், இன்னொன்றில் இதழ் ஒன்று கூடுதலாக இருக்கும். இரண்டிலும் அதே இடத்தில் அதே கீறல் இருந்தால் அது வார்ப்பு.

காசு பற்றவைத்த நகையில் காசின் ஆண்டைப் படித்துவிட்டு அதுவே நகையின் ஆண்டு என்று சொல்லும் பிழையை அனுபவம் உள்ள வணிகர்களும் செய்கிறார்கள். நகை அந்தக் காசுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது என்பது மட்டுமே உறுதி. 1830-ஆம் ஆண்டுக் காசை 1950-இலும் பற்றவைத்திருக்கலாம். பற்றவைத்த இடத்தின் பொடியையும் சோதிக்கலாம். காட்மியம் என்ற உலோகமே 1817-இல்தான் கண்டறியப்பட்டது. அது கலந்த பற்றுப்பொடி 20-ஆம் நூற்றாண்டுக்குரியது. பழைய நகையைப் பின்னாளில் பழுதுபார்த்திருக்கவும் கூடும் என்பதால், ஒரு பற்று புதியது என்றவுடன் நகை முழுவதையும் தள்ளிவிட வேண்டாம்.

மாபூச்சே வெள்ளி ஏன் தனியாகப் பேசப்படுகிறது?

அதன் வரலாறு தனியானது என்பதால். தெற்குச் சிலியின் மாபூச்சே மக்களை ஸ்பானியரால் அடக்க முடியவில்லை. பீயோபீயோ ஆறு நெடுங்காலம் எல்லையாக நின்றது. எல்லை தாண்டிய வணிகத்தில் கால்நடைக்கும் நெய்த போர்வைக்கும் ஈடாகக் காசுகள் உள்ளே வந்தன. ரெட்ராஃபே எனப்படும் தட்டார்கள் அவற்றை நகையாக்கினர். நெற்றியைச் சுற்றும் காசுச் சங்கிலி ட்ராரிலோன்கோ, மார்பில் தொங்கும் தகடும் சிலுவைத் தொங்கல்களும் கொண்ட பெரிய அணி ட்ரபெலகுச்சா, காதணி சவாய். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இக்கலை உச்சம் தொட்டது. குடும்பத்தின் செல்வத்தைப் பெண்கள் தம் உடலில் அணிந்து சென்றார்கள்.

1861 முதல் 1883 வரை சிலி அரசின் படை அந்நிலத்தைக் கைப்பற்றியது. 'அமைதிப்படுத்தல்' என்பது அதற்கு அரசு வைத்த பெயர். நிலம் சுருங்கி வறுமை வந்தபோது வெள்ளி அடகுக் கடைக்குப் போனது. மீட்கப்படாதவை உருக்கப்பட்டன, அல்லது சேகரிப்பாளர் கைக்குச் சென்றன. இன்று அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் பார்க்கும் பல ட்ரபெலகுச்சாக்கள் வந்த வழி இதுதான். ஆகவே ஒரு மாபூச்சே நகை சட்டப்படி சுத்தமாக இருந்தாலும், அது எந்த நெருக்கடியில் கைமாறியது என்பதை அறிந்துகொண்டு வாங்குவதே முறை என்று கருதுகிறேன். இன்றும் அங்கே ரெட்ராஃபேக்கள் வேலை செய்கிறார்கள். அவர்களிடம் புதிதாகச் செய்யச் சொல்லி வாங்குவதில் இந்தச் சங்கடம் இல்லை. சுற்றுலாக் கடைகளில் தொங்குவதில் நிறைய ஜெர்மன் சில்வர் கலந்திருக்கிறது.

மணி, பவளம், சிப்பி கோத்த மாலைகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

மாலையின் வயதும் மணியின் வயதும் வேறு. நூல் அறுந்தால் மீண்டும் கோப்பார்கள். அப்போது பழையதோடு புதியது சேரும்.

வெனிசுவேலாவுக்கு அருகில் குபாகுவா தீவில் முத்துக்குளிப்பால் செழித்து 1541-இல் அழிந்த நுவேவா காதிஸ் நகரத்தின் பெயரால் வழங்கும் நீண்ட சதுரக் கண்ணாடி மணிகள், 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஸ்பானியர் கொண்டுவந்தவை. பெருவின் கல்லறைகளிலும் கிடைக்கின்றன. நீலம், வெள்ளை, நீலம் என அடுக்கடுக்காக இருக்கும். விலை ஏறியதால் போலிகளும் ஏராளம். உண்மையானவை என்றால் பெரும்பாலும் கல்லறையிலிருந்து வந்தவை. முன்னே சொன்ன இக்கட்டு இங்கும் அப்படியே பொருந்தும்.

முல்லு என்று அழைக்கப்படும் செந்நிற ஸ்பாண்டிலஸ் சிப்பி ஈக்வடாரின் வெதுவெதுப்பான கடலில் எடுக்கப்பட்டு மலைநாடு முழுவதும் சென்றது. அதன் நிறம் ஒரே சீராக இராது. உருப்பெருக்கியில் வளர்ச்சிக் கோடுகள் தெரியும். ஈக்வடாரின் ஒட்டவாலோ பெண்கள் கழுத்தில் அடுக்கடுக்காக அணியும் பொன்னிற மணிகள் கண்ணாடியே. அவற்றைத் தங்கம் என்று சொல்லி அவர்கள் யாரையும் ஏமாற்றுவதில்லை.

தேவாலயத்து நகைகள் விற்பனைக்கு வருகின்றனவே, வாங்கலாமா?

வேண்டாம். ஆண்டிஸ் நாடுகளின் சிற்றூர்த் தேவாலயங்களில் களவு தொடர்ந்து நடக்கிறது. 2013 ஏப்ரலில் பொலிவியாவின் கோப்பகபானா மாதாவின் நகைகளே களவுபோயின. சிறு கிரீடம், வெள்ளி ஒளிவட்டம், மாதாவுக்கு நேர்ந்துகொண்ட பதக்கம் ஆகியவை தனியாக விற்பனைக்கு வந்தால், சிலை எங்கே என்று முதலில் கேளுங்கள்.

முறையாக விற்கப்பட்டவையும் உண்டு. கொலம்பியாவின் பொப்பயான் நகரத்து மாதாவுக்குச் செய்த, நானூற்றுக்கு மேற்பட்ட மரகதங்கள் பதித்த 'ஆண்டிஸ் கிரீடம்' திருத்தந்தையின் இசைவு பெற்று விற்கப்பட்டது. 2015 முதல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் பெரிய மரகதம் மன்னர் அதாவல்ப்பாவிடமிருந்து பறித்தது என்று விற்பவர்கள் சொல்லிவந்த கதைக்குச் சான்று இல்லை. நல்ல கதை இருந்தால் விலை ஏறும் என்பதற்கு அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை.

இதனுடன் சேர்த்து நினைக்க வேண்டியது ஊருக்குப் பொதுவான பொருள். பொலிவியாவின் பொட்டோசி மாநிலத்தின் கொரோமா கிராமத்தில் முன்னோரின் புனித ஆடைகள் மூட்டைகளாகக் காக்கப்பட்டுவந்தன. எந்தத் தனிமனிதருக்கும் அவற்றை விற்கும் உரிமை இல்லை. வெளிநாட்டு வணிகர்கள் ஒருசிலருக்குப் பணம் கொடுத்து அவற்றை எடுத்துச் சென்றனர். 1989-இல் அமெரிக்கா அவற்றின் இறக்குமதியைத் தடுத்தது. 1992-இல் ஒரு பகுதி ஊர் திரும்பியது. விற்றவரின் கையெழுத்து இருக்கிறது என்பதால் மட்டும் விற்பனை செல்லுபடியாகிவிடாது என்பதை வணிகர்கள் அன்று கற்றுக்கொண்டார்கள்.

வாங்கும்போது எந்த ஆவணங்களைக் கேட்க வேண்டும்?

பொருள் யார் யார் கைமாறி வந்தது என்ற எழுத்துக் குறிப்பு. அது நாட்டை விட்டு வெளியேறிய ஆண்டுக்கான சான்று. விற்பவரின் முழுப்பெயரும் முகவரியும் கொண்ட விலைச்சீட்டு. பண்பாட்டுப் பொருள்களின் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோவின் 1970-ஆம் ஆண்டு உடன்படிக்கையைத் துறையினர் எல்லைக்கோடாகக் கொள்கிறார்கள். அதற்கு முன்பே வெளியேறியதற்குப் பழைய புகைப்படமோ கடிதமோ இருந்தால் அது மிகுந்த மதிப்புடையது. 'ஒரு ஐரோப்பியப் பெரியவரின் சேகரிப்பு' என்ற வரி ஆவணம் ஆகாது. பெருவில் நேரடியாக வாங்குபவர்கள், அப்பொருள் நாட்டின் பண்பாட்டுச் சொத்தில் சேராதது என்ற சான்றிதழைப் பண்பாட்டு அமைச்சகத்திடம் பெற்றுக்கொண்டு விமானம் ஏற வேண்டும். நல்ல நகலுக்கும்கூட அந்தச் சான்றிதழ் இருந்தால் விமான நிலையத்தில் தொல்லை இல்லை.

இந்தியாவுக்குக் கொண்டுவந்தால்?

நூறாண்டுக்கு மேற்பட்ட பழம்பொருளுக்குச் சுங்க வகைப்பாட்டில் 9706 என்ற தனித் தலைப்பு உண்டு; வயதை மெய்ப்பிக்கும் தாள் இல்லாவிட்டால் அதிகாரி அதைச் சாதாரண வெள்ளி நகையாகவே கணக்கிடுவார். மற்றொன்று: 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் இங்கிருந்து ஏற்றுமதி செய்ய முடியாது. பின்னாளில் பிள்ளைகளோடு வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல நேர்ந்தால், அது வெளியிலிருந்து வந்த பொருள்தான் என்று காட்ட இறக்குமதித் தாள் கையில் இருக்க வேண்டும்.

நகையைத் துலக்கலாமா?

விபூதி போட்டுத் துலக்கும் நம் வீட்டுப் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். புளியை அருகிலேயே கொண்டுவர வேண்டாம். குழிவில் உள்ள கறுப்புதான் செதுக்கலை எடுத்துக்காட்டுகிறது. மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, காற்றுப் புகாத பையில் வைத்தால் போதும். செம்பு, வெண்கலத் துப்புகளில் வெளிறிய பச்சைப் பொடி உதிர்ந்தால் அது ஈரத்தால் பெருகும் அரிப்பு. உலர்ந்த இடத்தில் தனியாக வைத்து, பாதுகாப்பு வல்லுநரிடம் காட்ட வேண்டும்.

புதிதாகச் செய்தவற்றைச் சேகரிப்பது மதிப்புக் குறைவா?

இல்லை. பெருவின் கத்தக்காவோசிலும் சான் ஹெரோனிமோ தெ துனானிலும், ஈக்வடாரின் சோர்தெலெகிலும் வெள்ளிக் கம்பியை முறுக்கிச் சுருட்டிச் செய்யும் வேலை இன்றும் உயிரோடு இருக்கிறது. செய்தவரின் பெயரையும் செய்த ஆண்டையும் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய நகைகளில் பெரும்பாலானவற்றுக்கு இல்லாத ஆவணம் அது.

என்னிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு பொருள் கல்லறையிலிருந்து வந்ததோ என்று ஐயமாக இருக்கிறது. என்ன செய்வது?

விற்க வேண்டாம், துலக்க வேண்டாம், மண் ஒட்டியிருந்தால் அதையும் தட்ட வேண்டாம். இரு பக்கமும் படமெடுத்து, எடை, அளவு, எப்போது யாரிடம் வாங்கினீர்கள் என்பவற்றை எழுதி, அருங்காட்சியகத் துறை அறிஞர் ஒருவரிடம் கருத்துக் கேளுங்கள். ஐயம் உறுதியானால் உரிய நாட்டின் தூதரகத்துக்கு எழுதுங்கள். தாமாக முன்வந்து ஒப்படைப்பவர்களிடமிருந்து தூதரகங்கள் பொருள்களைப் பெற்றுக்கொள்வது வழக்கம். ஒப்படைக்கும்போது ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள். கொடுத்த பணம் திரும்பாது. விற்றவரிடம் கேட்டுப் பார்க்கலாம், விலைச்சீட்டு இருந்தால்.